துரை கக்குவது சம்பந்தமாக மச்சானுக்கு

மதிப்பும் மரியாதையும் மிக்க மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டிய தையல்காரன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் உங்கள் சாப்பாட்டுக் கடையும் சௌக்கியமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் உங்கள் தங்கையும் உங்கள் மருமகன் துரையும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்பதால் இதை உங்கள் கடைக்குக் காய்கறி ஏற்றி வரும் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன். இப்போது வீட்டில் நான் மட்டும்தான். உங்கள் தங்கை துரையைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். கூடப் போக எனக்குத் தைரியம் இல்லை. அவசரத் தையல் இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டேன்.

நேற்று போனில் நீங்கள், "மாப்ள, போட்டோ பாத்தேன். புள்ள இருக்கானா, இல்ல வெறும் சட்டைய உக்கார வெச்சிருக்கீங்களா? ஞாயித்துக்கிழம வண்டி எடுத்துட்டு வரேன். தாயையும் புள்ளையையும் கூட்டிட்டுப் போய் கொஞ்ச மாசம் வெச்சுத் தேத்தி அனுப்பறேன்" என்றீர்கள். எனக்கு வந்த கோபத்தில் போனைத் துணி வெட்டும் மேசைக்கு அடியில் போட்டுவிட்டேன். அப்புறம் குனிந்து எடுக்கும்போது யோசித்தேன். நீங்கள் சொல்வது நியாயம். வாருங்கள், கூட்டிக்கொண்டு போங்கள். நான் தோற்றுவிட்டேன். ஆனால் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

துரைக்கு வயிற்றுக்குள் போனது போன வேகத்தில் திரும்பி வருகிறது. எதுக்களிப்பு என்றார் டாக்டரம்மா. கூடவே மாட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளவில்லையாம், அதனால் தாய்ப்பால் கொடுக்கிற உங்கள் தங்கை பால், தயிர், வெண்ணெய் எதையும் தொடக்கூடாது என்றார். சொன்னது அவளிடம். நான் சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? "அவ குடிக்காதப்ப நான் மட்டும் எப்படிங்க குடிப்பேன், நானும் விட்டுட்டேன்" என்று வீரம் பேசிவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் கறுப்பு டீதான், அதைக் குடித்தால் எனக்கு உலகமே கடன்காரன் மாதிரி தெரிகிறது. ஒரு நாள் பட்டன் வாங்கப் போகிறேன் என்று சொல்லி டீக்கடையில் ஒரு பால் டீ அடித்துவிட்டு வந்தேன். "மீசைல என்னங்க வெள்ளையா?" என்றாள். "வயசாகுதுல்ல" என்றேன். "ஒரு பக்கம் மட்டுமா வயசாகுது?" என்றாள். பட்டனும் வாங்கி வரவில்லை.

அது போகட்டும். பால் குடித்த பிறகு கொஞ்ச நேரம் நிமிர்த்தியே வைத்திருக்கச் சொன்னார் டாக்டரம்மா, ஒரேயடியாக ஊட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டச் சொன்னார், வயிற்றைப் பிடிக்கிற மாதிரி துணி போடாதீர்கள் என்றார். உங்கள் தங்கை தாய்ப்பாலை எடுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போகிறவள், பகலெல்லாம் துரை என் தோளில்தான், ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வக்கீல் ஐயாவின் கறுப்புக் கோட்டுக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன், மெஷின் சத்தம் அவனுக்குப் பிடிக்கும், சிரித்தான், நானும் சிரித்தேன், அந்தச் சிரிப்போடு சேர்த்து எல்லாவற்றையும் கோட்டின் முதுகில் இறக்கிவிட்டான். துடைத்தேன், போகவில்லை, அதற்குள் வக்கீலே வாசலில் நிற்கிறார். "என்னய்யா வெள்ளக் கோடு?" என்றார். "சாக்பீஸ் சார், அளவு போட்டது" என்றேன். மோந்து பார்த்தார். "சாக்பீஸ் எப்பய்யா புளிக்க ஆரம்பிச்சுது?" என்றார். இந்த மனிதரிடம் பொய் சொல்லி யார் ஜெயிப்பது?

அப்புறம் உங்கள் யோசனை. "கூட ரெண்டு வாய் குடுங்க மாப்ள, வயிறு தானா பழகிடும்" என்றீர்களே! ஊருக்கே பரிமாறுகிறவர் சொல்கிறார் என்று நம்பி, டாக்டரம்மா பேச்சை மீறி, வேகவைத்து மசித்த பூசணியைக் கூடக் கொஞ்சம் ஊட்டினேன். சமர்த்தாக வாங்கிக்கொண்டான். சலவை செய்த கோட்டை வாங்க வக்கீல் வந்தார், குழந்தையைப் பார்த்ததும் மனசு இளகி, "வாடா குட்டி" என்று கையை நீட்டினார். நான் "வேணாம் சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் துரை வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டான். இந்தத் தடவை ஆரஞ்சு நிறம், சாக்பீஸ் என்று சொல்லவும் வழியில்லை. அதற்கப்புறம்தான் குடைத்துணியில் தோளுக்கு ஒரு போர்வை தைத்துக்கொண்டேன், ஒரு சொட்டு ஊறாது. ஊறாதுதான். ஆனால் வழுக்கிக்கொண்டு நேரே சட்டைப் பைக்குள் இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? எதிர்வீட்டு ஆசிரியர் தினமும் என்னைப் பார்த்துவிட்டு வானத்தைப் பார்க்கிறார்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை மச்சான். என்னை உடைத்துப் போட்டது சட்டைதான். வயிற்றைப் பிடிக்கக் கூடாது என்று சொன்னதால் அவனுக்குச் சட்டையைத் தாராளமாக வெட்டினேன். அப்படியும் கக்கினான். இன்னும் பிடிக்கிறதோ என்று அடுத்ததை இன்னும் தாராளமாக வெட்டினேன். இப்படியே ஒன்றன்பின் ஒன்றாகத் தைத்துப் போட்டுப் பார்க்கிறேன், ஒவ்வொரு புதுச் சட்டையிலும் பயல் முந்தினதைவிடச் சின்னதாகத் தெரிகிறான்! கழுத்து வழியாகத் தோள் வெளியே வருகிறது, கையைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. அளவெடுத்தே சோறு தின்கிறவன் நான், என் கண் ஏமாறுமா? பெத்த புள்ள கண்ணு முன்னால தேயறான், நான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்.

அதனால் அவன் துணிமணிகளைப் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டேன். ஏப்பம் விட இடது தோளில்தான் போட வேண்டும், வலது தோள் அவனுக்கு ஆகாது. உங்கள் கடையில் யாரும் ஆசையாகப் பிஸ்கட் கிஸ்கட் கொடுத்துவிடப் போகிறார்கள், அதிலும் பால் இருக்கும், சண்டை போட்டாவது தடுத்துவிடுங்கள். தூங்கும்போது மட்டும் சாய்த்து வைக்காமல் சமமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். அவன் போன பிறகு காய்ந்த தோளோடு மெஷினில் எப்படி உட்காரப் போகிறேனோ தெரியவில்லை.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உங்கள் கடையில் கை நனைக்கிற ஒருவருக்கும் எதுக்களிக்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தோற்றுப்போன தங்கள் மாப்பிள்ளை.

பின்குறிப்பு: மச்சான், வண்டியை எடுக்காதீர்கள்! உங்கள் தங்கை வந்துவிட்டாள். வாசலிலேயே சிரிக்க ஆரம்பித்தவள், செருப்பைக் கழற்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். துரைக்கு எடை ஏறியிருக்கிறது, நன்றாகவே ஏறியிருக்கிறது. கக்குவது கொஞ்சம்தானாம், பார்க்கத்தான் அண்டா அளவுக்குத் தெரியுமாம், வளர வளர நின்றுவிடுமாம். டாக்டரம்மா அவன் சட்டையைக் கழற்றி விரித்துப் பிடித்து, "இது யாரு தெச்சது?" என்று கேட்டாராம். இவள், "இவங்க அப்பாதான்" என்றாளாம். "புள்ள சரியாத்தாம்மா வளர்றான். சட்டைதான் அவன விட வேகமா வளருது" என்றாராம். எனக்குச் சிரிக்கவும் தெரியவில்லை, அழவும் தெரியவில்லை, தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெட்டியைப் பிரித்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்தே தீருவேன் என்றால் வாருங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள், திரும்பும்போது தனியாகப் போங்கள். பிள்ளையைக் கொடுக்க மாட்டேன். மேலே எழுதியதை எல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் எழுதத்தான் நினைத்தேன். ஆனால் தாள் எட்டாத தூரத்தில் இருக்கிறது, துரை என் இடது தோளில் தூங்குகிறான், எழுந்திருக்க மனசு வரவில்லை.