குழந்தைகள் நலப் பிரிவின் அதிவேக உலாவி

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு புல்லட் ரயில் விட்டது. மூன்றாவது மகத்தான பாய்ச்சல் ஜப்பானில், எங்கள் ஹினோசே நகராட்சியில், குழந்தைகள் நலப் பிரிவின் இரண்டாவது கவுண்டரில் நிகழ்ந்தது. அங்குள்ள கணினியில் உலாவியின், அதாவது பிரவுசரின், புதிய பதிப்பை நிறுவினோம். அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் நான்தான் என்பதால், இந்த வரலாற்றை எழுதும் தகுதி வேறு யாருக்கும் கிடையாது.

நிறுவுவது சுலபம், பொத்தானை அமுக்கினால் போதும். அமுக்கலாமா என்பதற்குத்தான் எட்டுப் பேருடைய முத்திரை தேவைப்பட்டது. கீழ் அதிகாரியின் முத்திரை, மேலதிகாரியின் முத்திரையைப் பார்த்துச் சற்றே சாய்ந்து, வணங்கியபடி விழவேண்டும் என்பது எங்கள் அலுவலக மரபு. ஒருவருடைய முத்திரை விறைப்பாக நின்றுவிட்டதால் காகிதம் திரும்பி வந்தது. எல்லோரும் ஒழுங்காக வணங்கி முடிப்பதற்குள் அதைவிடப் புதிய பதிப்பு வெளியாகிவிட்டது. மறுபடி முதலிலிருந்து வணங்கினோம். பதறிய காரியம் சிதறும் அல்லவா?

பழைய உலாவி ஒரு பக்கம் திறக்க அரை மணி எடுத்துக்கொள்ளும். குழந்தைக் காப்பகத்தில் இடம் கேட்டு வரும் தாய்மார்கள் எதிரே காத்திருப்பார்கள். நான் நடுநடுவே எழுந்து தலைகுனிந்து மன்னிப்புக் கேட்பேன். கடைசியில் ‘இடம் இல்லை’ என்று திரை சொல்லும். பாழாய்ப்போன மெஷினைத் திட்டி, என்னையும் தேற்றிவிட்டுப் போவார்கள். அது பொற்காலம்.

புதிய உலாவி வந்த காலை, முதல் ஆளாக வந்தவர் நாகசே ரிட்சுகோ. மார்போடு கட்டிய கைக்குழந்தை. பிஸ்கட் கம்பெனியில் வேலை. பேறுகால விடுப்பு அந்த மாதத்தோடு முடிகிறது. அதற்குள் காப்பகத்தில் இடம் கிடைக்காவிட்டால் வேலை போய்விடும். பெயரைத் தட்டினேன். கண் இமைப்பதற்குள் ‘இடம் இல்லை’.

“அதுக்குள்ளயா? கொஞ்சம் நல்லாப் பாருங்க.”

“நல்லாத்தாங்க பாத்துச்சு. இப்பல்லாம் வேகமாப் பாக்குது.”

அவர் திரையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். “அப்ப இத்தனை நாளும் தப்பு மெஷின் மேல இல்ல. ஊர்ல காப்பகமே பத்தலை. அதானே?”

எனக்கு வெட்கமாக இருந்தது. குனியத் தொடங்கினேன்; பாதி குனிவதற்குள் அடுத்தவர் வந்துவிட்டார். மதியத்துக்குள் எல்லாத் தாய்மார்களும் அதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். வேகத்தின் பக்கவிளைவு.

பிரிவுத் தலைவர் குரோயிவா அவசரக் கூட்டம் கூட்டினார். இன்னொரு காப்பகம் கட்டலாமே என்று யாரோ சொல்ல, அநாகரிகம் தாங்காமல் அனைவரும் மேசையைப் பார்த்தோம்.

“அது கட்டுமானப் பிரிவு வேலை. நம்ம கையில இருக்கறது பிரவுசர் ஒண்ணுதான்” என்றார் குரோயிவா.

“பழசுக்கே போயிடலாமா, ஐயா?”

“முன்னேற்றத்தை எப்படிய்யா திருப்பறது? வேகம் இருக்கட்டும். ஆனா பட்டுனு ‘இல்லை’ன்னு சொன்னா, நாம யோசிக்கவே இல்லன்னு நினைப்பாங்க. இல்லைன்னு சொல்றதுக்கும் ஒரு மரியாதை வேணும்.”

ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. பதில் உடனே வந்தாலும், திரையில் அரை மணி நேரம் ஒரு வட்டம் சுழலும். அதன் கீழே, ‘உங்களுக்காக உளமார முயன்றுகொண்டிருக்கிறோம்’. இதற்கான முத்திரைகள் மட்டும் அன்று மாலையே விழுந்துவிட்டன.

அடுத்த வாரம் நாகசே மறுபடி வந்தார். வட்டம் சுழன்றது, குழந்தை அதைப் பார்த்துச் சிரித்தது, பிறகு தூங்கிப்போனது. பழைய மெஷினையே வைத்துவிட்டீர்களா என்று கேட்டார். இது ஜப்பானிலேயே வேகமானது என்று பெருமையோடு சொன்னேன்.

மாதக் கடைசியில் அவர் வரவில்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகத் தொலைபேசியில் சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை. தாய் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் காப்பகம் தேவையில்லை என்பது விதி; காத்திருப்போர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கினேன்.

உலாவி வந்த மாதமே காத்திருப்போர் எண்ணிக்கை குறைந்துவிட்டதாகக் குரோயிவா அறிவித்தார். மேயர் நேரில் வந்து பாராட்டினார். எல்லோரும் கைதட்டினோம். மிச்சமிருக்கும் தாய்மார்களும் வேலையை இழந்துவிட்டால், காப்பகத்துக்குக் காத்திருப்போரே இல்லாத ஊர் என்ற பெருமை ஹினோசேவுக்குக் கிடைத்துவிடும்.