அளவுகல்லின் இரண்டு முகங்கள்

மலைநாடு ஒன்று, சமவெளி நாடு ஒன்று. இரண்டுக்கும் சேர்த்து ஆறு ஒன்றுதான். எல்லையில், ஆற்றின் நடுவே தண்ணீர் மட்டம் காட்டும் ஓர் அளவுகல் நின்றது. அதன் மலை பார்த்த மேல்முகத்தில் மலைநாட்டார் கோடு போட்டிருந்தார்கள், கீழ்முகத்தில் சமவெளியார். அடுத்தவர் முகத்தை எட்டிப் பார்ப்பது தேசத்துரோகம். தினமும் காலையில் மலைநாட்டு அளவுக்காரர் மாதையன் தன் பக்கத்தைப் பார்த்து, "பன்னிரண்டு அடி!" என்று கூவுவார். அதே தண்ணீரைப் பார்த்துச் சமவெளி அளவுக்காரி செங்கமலம், "நாலு அடி!" என்பாள். இந்த எட்டடி வித்தியாசத்தை வைத்தே நாற்பது வருடமாக இரு நாட்டிலும் தேர்தல் நடந்தது, கடைகள் எரிந்தன.

அந்த ஆண்டு செங்கமலம் தன் அரைக்காணிக்கு நாற்று விட்டிருந்தாள். இருபத்தைந்து நாள் நாற்று. ஒரு வாரத்துக்குள் தண்ணீர் பாய்ந்தால் நடலாம், இல்லாவிட்டால் மாட்டுக்குத்தான். வீட்டில் வேறு விதைநெல்லும் இல்லை.

அது தேர்தல் வாரம். சமவெளி நீரமைச்சர் கல்தச்சரோடு வந்து இறங்கினார்.

"நாலு அடி என்பது நம் தன்மானத்துக்கு இழுக்கு. கோடுகளைக் கீழே இறக்குங்கள்."

"கோட்ட எறக்குனா தண்ணி ஏறிடுமாய்யா?" என்றாள் செங்கமலம்.

"ஏறும் அம்மா. சட்டப்படி ஏறும்."

மறுநாள் அவள் வாயாலேயே பன்னிரண்டு வந்தது. போராடிப் பெற்ற எட்டடிக்கு வெற்றி விழா நடந்தது, அமைச்சர் ஜெயித்தார். உடனே ஓர் ஆணை: பன்னிரண்டடி ஓடும் நாட்டில் பயிர் வாடினால் அது உழவரின் அலட்சியம். அடுத்த ஆணை: வாடிய நாற்றை வெளியே காட்டுவது அவதூறு. செங்கமலம் நாற்றங்காலைப் பழைய சேலையால் மூடி வைத்தாள்.

தண்ணீர் இறங்க இறங்க, கல்தச்சரும் கோட்டை இறக்கிக்கொண்டே வந்தார். ஐந்தாம் நாள் ஆறு வறண்டபோது பன்னிரண்டாம் கோடு மணலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

குறுக்கே தண்ணீர் இல்லாததால் மாதையன் கல்லருகே நடந்தே வந்துவிட்டார்.

"எங்க பக்கமும் அதே பன்னெண்டுதான் தங்கச்சி. என் கேவுருப் பயிரும் கருகிப்போச்சு."

"தோண்டித்தான் பாப்போமாண்ணே?"

தோண்டினார்கள். முழங்கை ஆழத்தில் ஊற்று கசிந்தது. செங்கமலம் குடத்தோடு ஓடி ஒரு பாத்தியை நனைத்துவிட்டாள். அதற்குள் இரு நாட்டுச் சனமும் குடங்களோடு வந்து வரிசையில் நின்றது. யார் எந்த நாடு என்று ஒருவரும் கேட்கவில்லை.

சேதி இரு தலைநகருக்கும் போனது. நாற்பது வருடம் ஒரே மேசையில் உட்காராத இரு அரசுகளும் சாயங்காலத்துக்குள் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டன: அளவுகல்லின் அடித்தளத்துக்கு ஊறு நேரும் என்பதால் ஊற்று மூடப்படுகிறது. இரு நாட்டுப் படையும் தோளோடு தோள் நின்று மணலை அள்ளிப்போட்டன.

மறுநாள் காலையில் அந்த ஒரு பாத்தி தவிர நாற்றெல்லாம் சருகாகக் கிடந்தது. செங்கமலம் வழக்கம்போல் வேலைக்குப் போனாள். எழுத்தர்கள் பேனாவோடு காத்திருந்தார்கள். அவள் கல்லைப் பார்த்தாள்.

"மணல்!" என்று கூவினாள்.

கல்லுக்கு அந்தப் பக்கமிருந்து மாதையன் குரலும் வந்தது. "மணல்!"

இருவரும் அன்றே கைதானார்கள். எதிரி நாட்டோடு உடன்பாடு கொண்டதாகக் குற்றச்சாட்டு.