மெல்பேர்ன் இரண்டு ஜாண்

செல்லபாய் மெல்பேர்ன் போகக் கூடாது என்று ஜான்ரோஸ் முடிவு கட்டிவிட்டார். மகள் ஜெஸ்மிக்கு அங்கே தலைப்பிரசவம். மருமகன் மாமியாருக்கு மட்டும் டிக்கெட் அனுப்பியிருந்தான். ஆறு மாதம்! அங்கே பிள்ளை பிறக்கட்டும், சரி. இங்கே மீன்குழம்பு யார் வைப்பது? வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாத மனிதர்.

"போகாதே" என்று நேரே சொல்லத் தைரியம் கிடையாது. பூகோளத்தைத் துணைக்கு அழைத்தார். கருங்கல் ஊர்ப் பள்ளியில் முப்பது வருஷம் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்ற வாத்தியார். உலகமே விரல் நுனியில். கால்தான் திருநெல்வேலியைத் தாண்டியதில்லை.

பழைய அட்லஸை விரித்தார்.

"ஏட்டி, இஞ்ச பாரு. திருவனந்தபுரத்தில இருந்து ரெண்டு ஜாண். ஒம்பதாயிரம் கிலோமீட்டராக்கும்!"

"நெறைய தூரம்தான்."

"திங்கள் காலம்பற பத்துக்கு ஏறுதே. செவ்வாய் காலம்பற பத்துக்கு எறங்குதே. இருவத்தினாலு மணி நேரம். அங்க கடிகாரம் அஞ்சரை மணி நேரம் முன்னால ஓடும். அதையும் கூட்டு. இருவத்தொம்பதரை!"

"அம்மாடி! இருந்த இருப்பிலயா?"

"பின்ன? கட்டிலா போட்டுத் தருவான்? காலு வீங்கி யானைக்கால் மாதிரி ஆயிரும்."

செல்லபாயின் முகம் வாடிப் போனது. ஜான்ரோஸுக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். புத்திசாலி எங்கே நிறுத்துவான்? நாலு பேர் சேர்ந்து தடுத்தால் காரியம் உறுதி என்று ஊரெல்லாம் புலம்பினார். டீக்கடையில் முத்துநாயகத்திடம், சந்தையில் லீமாவிடம், கடைசியில் பாஸ்டரிடமும். "இருவத்தொம்பதரை மணி நேரம்! பாவப்பட்டவ எப்பிடித் தாங்குவா?"

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியும் நேரம் பாஸ்டர் அறிவித்தார்: "நம் சகோதரி செல்லபாய், மகளின் பேறுகாலத்துக்காக இருபத்தொன்பதரை மணி நேரம் ஆகாயத்தில் பிரயாணம் போகிறார்கள். சபையார் எழுந்து நிற்போம். சபைச் செயலாளர் ஜான்ரோஸ் ஜெபிப்பார்."

முந்நூறு பேர் எழுந்தார்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்ட செயலாளர், மனைவியைப் பத்திரமாகக் கொண்டுசேர்க்கும்படி கர்த்தரை மன்றாடினார். ஊரே ஆமென் சொன்னது. வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டு, பிள்ளை பெற்றவளுக்கு மருந்துப் பொடியும் பலாச்சக்கை வறுவலும் செல்லபாய் கையில் திணித்தார்கள். இனி அவள் போகாவிட்டால் ஜான்ரோஸ் ஊரில் தலைகாட்ட முடியாது.

வீட்டுக்கு வந்ததும் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "இருந்தாலும் ஏட்டி, இருவத்தொம்பதரை மணி நேரம்..."

"பதினெட்டரை" என்றாள் செல்லபாய், பெட்டியில் வறுவலை அடுக்கிக்கொண்டே.

"என்னது?"

"அந்த அஞ்சரையைக் கழிக்கணும். நீங்க கூட்டிட்டிய. நான் தெனமும் பிள்ளைக்குப் போன் போடுதேன்லா? நமக்கு உச்சை பன்னெண்டுன்னா அவளுக்கு சாயங்காலம் அஞ்சரை. பூகோள வாத்தியாராம்!"

ஜான்ரோஸ் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "அண்ணைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"பதினெட்டரைக்கு எவன் எழும்பி நிண்ணு ஜெபம் பண்ணுவான்? செரி, இஞ்ச வாங்க. உப்பு இந்த டப்பாவில இருக்கு."