மூன்று மணிக் கச்சான்

காற்றோடு பேச்சுவார்த்தை நடத்தி ஒருமுறைகூடத் தோற்காத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். யுத்த காலத்தில் அவர் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில், என் பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அவரைப் பாய்க்காரர் என்பார்கள். நான் கொழும்பின் மறுகோடி கொட்டாஞ்சேனையிலிருந்து பெட்டியோடு வந்த முதல் நாளே, "அண்ணை, படுக்க ஒரு பாய் தருவீங்களா?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் சிரிக்கவில்லை.

"என்ரை பாய் கடலிலை விரிக்கிறது" என்றார்.

உண்மைதான். கிழமை நாட்களில் கந்தோரில் கிளார்க். ஞாயிறு விடிந்தால் குட்டிப் பாய்ப்படகில் ஏறி, கரையை ஒட்டியே பாணந்துறை வரைக்கும் போய்த் திரும்புவார். எஞ்சின் கிடையாது. கடலுக்குப் போகிற பாஸ் மட்டும் சட்டைப் பையில் இருக்கும். கரையோர ரயிலில் போகிறவர்கள் வாசலில் தொங்கிக்கொண்டு வாய் பிளப்பார்கள். ரயில் ஸ்டேசனுக்கு ஸ்டேசன் நிற்கும், அவர் நிற்கமாட்டார். மொறட்டுவையில் ரயிலை முந்தினதை இந்தக் கண்ணாலேயே பார்த்தேன். சத்தியமாக!

ஒரு ஞாயிறு, அவர் புறப்படுகிற நேரம் பார்த்து லொட்ஜில் பொலிஸ் செக்கிங். சார்ஜன் அவருடைய கொப்பியைப் புரட்டிவிட்டு, எனக்குச் சிங்களம் தெரியும் என்பதால் என்னிடம் நீட்டினார்.

"மல்லி, இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று தம்பி முறை வைத்துக் கேட்டார்.

'ஞாயிறு மூன்று மணிக்குக் கச்சான் பலமாக வரும்.'

கொட்டாஞ்சேனைக்காரனுக்குக் கச்சான் என்றால் வறுத்துத் தின்கிற கடலைதான். "ரட்டகஜு" என்று சிங்களத்தில் சொல்லி வைத்தேன். சார்ஜனின் முகம் இறுகிவிட்டது. கடலை எங்கேயாவது மணி பார்த்துப் பலமாக வருமா? தோட்டாவுக்குத்தான் இப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டார்.

"ஐசே, என்ன விசர்க்கதை!" என்று பாய்க்காரர் என்மேல் பாய்ந்தார். "அது தின்னுற கச்சான் இல்லை. மேற்காலை இருந்து வாற கச்சான் காத்து!"

நான் உளறியடித்துத் திருத்திச் சொன்னேன். சார்ஜன் நம்பவில்லை. "காற்றென்றால் மூன்று மணிக்கு வரட்டும். வராவிட்டால் ஜீப்பில் ஏற்றுவேன்."

அந்த நாட்களில் ஜீப்பில் ஏறினவர் எப்போது இறங்குவார் என்று ஒருவருக்கும் தெரியாது. என் ஒரு சொல்லால் வந்த வினை.

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் எங்களைக் கடற்கரையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஒரு தென்னோலை அசையவில்லை. நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரியும் முருகனுக்குக் காவடியும் நேர்ந்தேன்.

"அண்ணை, நீங்களும் கும்பிடுங்க!"

"என்னத்துக்கு? அது வாற நேரத்துக்கு வரும்."

சார்ஜன் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். பாய்க்காரர் அவரையும் அதட்டினார்: "இன்னும் ரெண்டு நிமிசம் கிடக்கு. அவசரப்படாதேங்கோ!"

பிறகு விரலை நீட்டினார். தூரத்தில் கடல் கோடாகக் கறுத்து, கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. சரியாக மூன்று மணி. சார்ஜனின் தொப்பி பறந்து தண்டவாளத்தைத் தாண்டி விழுந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சார்ஜன் கொப்பியை இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார்.

"நல்ல கச்சான்" என்றார் பாய்க்காரர், கவலையோடு. "ஓடாமல் வீணாப் போச்சு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். பஸ்கள் பறக்கிற காலி வீதி வந்தது.

"கையை விடும் ஐசே. காலி வீதியைக் கடக்கப் பயமோ?"

"ஓம் அண்ணை" என்றேன். லொட்ஜ் வாசல் வரைக்கும் நான் விடவில்லை.