பவுடர் போட்ட பெரட்டு

“விஜயலெட்சுமியக்கா, மூக்கைக் கொஞ்சம் தூக்குங்க.”

“தூக்குனா ஒழுகும் தம்பி. தடிமன்.”

துஷாந்த் போனைத் துடைத்துவிட்டு மறுபடியும் படம் எடுத்தான். திரையில் வட்டம் சுற்றியது. ‘அடையாளம் தெரியவில்லை’ என்றது.

தெமோதரைக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு ஐந்து நிமிட வேலைதான். கங்காணி வீரய்யா நாற்பத்திரண்டு பெயரையும் கூப்பிடுவார். பெண்கள் “இருக்கேன்” என்பார்கள். கொழுந்தெடுக்க மலையேறிவிடுவார்கள். இப்போது, முகத்தைப் பார்த்தே வரவு பதியும் செயற்கை நுண்ணறிவுச் செயலி வந்திருந்தது. நேரம் மிச்சமாகும் என்றார்கள். பெரட்டு ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

துஷாந்த் தோட்ட ஆபீசில் தற்காலிகக் கிளாக்கர். தோட்டத்தை நடத்தும் துரை அவனிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: “வெள்ளிக்கிழமை நான் வருவேன். ஏழு மணிக்குள்ள மெஷின் எல்லாரையும் பதிஞ்சா நீ நிரந்தரம். இல்லாட்டி வேற ஆளைப் பாப்பேன்.”

பனிமூட்டம்தான் கோளாறு என்று நினைத்து, டோர்ச் பிடிக்க ஒருத்தியை நிறுத்தினான். வெளிச்சம் பட்டதும் எல்லோரும் கண்ணை மூடினார்கள். “கண்ணைத் தொற” என்று சொல்ல இன்னொருத்தி. தூறலுக்குக் குடை பிடிக்க வீரய்யா.

“அஞ்சு நிமிசத்துல முடிக்கிற ஆளு நானு. என்னையே மெஷினுக்குக் குடை பிடிக்க வச்சிட்டியே தம்பி,” என்றார் வீரய்யா.

புதன்கிழமை துஷாந்துக்கு ஒன்று உறைத்தது. செயலிக்காக முதன்முதலில் படம் எடுத்தது கோவில் திருவிழா அன்று. எல்லோரும் பவுடரும் பெரிய பொட்டுமாக இருந்தார்கள்.

“நாளைக்கு அன்னிக்கு மாதிரியே வாங்க,” என்றான்.

பட்டுச்சேலையோடு வந்தார்கள்.

“பொண்ணு நாப்பத்திரண்டு. மாப்பிள்ளை நீதானா தம்பி?” என்றார் வீரய்யா.

தூறலில் பவுடர் கரைந்து, எல்லா முகமும் ஒரே வெள்ளையாக இருந்தது. செயலி விஜயலெட்சுமியை அவள் நாத்தனாரின் பெயரில் பதிந்தது. இருவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. அவள் அங்கேயே முகத்தைக் கழுவினாள். மற்றவர்கள் சேலை மாற்ற லயத்து வீடுகளுக்குத் திரும்பினார்கள். மலையேறும்போது மணி ஒன்பது.

வெள்ளிக்கிழமை கொட்டும் மழை. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மணி ஆறே முக்கால். பவுடர் யாரும் போடவில்லை. டோர்ச் பிடிக்க யாரும் வரவில்லை. துஷாந்த் மனதுக்குள் வேறு வேலை தேடத் தொடங்கிவிட்டான்.

விஜயலெட்சுமி தும்மும்போதே படம் எடுத்தான். உடனே திரையில் பச்சை. சரியான பெயர்.

அடுத்தவள் தலைத்துண்டைக்கூட விலக்கவில்லை. பச்சை. அதற்கடுத்தவள் பாதி திரும்பியிருந்தாள். பச்சை.

கடைசியாக ரெங்கம்மா. காய்ச்சல். தொப்பி, மப்ளர், மேலே பிளாஸ்டிக் விரிப்பு. கண் மட்டும்தான் தெரிந்தது. வட்டம் சுற்றக்கூட இல்லை. ‘ரெங்கம்மா’ என்று வந்தது.

மணி ஆறு ஐம்பத்தாறு.

“பாத்தியா!” துரை அவன் முதுகில் தட்டினார். “மனுசனால முடியுமா இது? நீ நிரந்தரம்.”

ரெங்கம்மாவின் போன் அடித்தது.

“ஆமாடி, காய்ச்சல்தான்... மாத்திரை போட்டேன்... சரி, வீட்டுக்குப் போறேன், திட்டாத.”

“யாரு அது?” என்றார் துரை.

“எம்மக யசோதினி தொரை. பண்டாரவளை ஆபீசுல ஒக்காந்து, இங்கேருந்து வர்ற படத்துக்கெல்லாம் பேரு தட்டுறா. நேத்துதான் மெஷினா சேந்தா.”