கெடுத்த வீட்டைக் காட்டுகிறவர்

தான் கெடுத்த வேலையைத் தானே வண்டியில் கூட்டிப்போய்க் காட்டுகிற கான்ட்ராக்டர் இந்த உலகத்தில் ஒரே ஒருத்தர்தான். அவர் பேர் ஒழுகல். அப்பா அம்மா வைத்த பேர் என்னவோ, இரும்புலியூரில் யாருக்கும் தெரியாது. மொட்டைமாடி ஒழுக்கை அடைக்கிற மனுஷனுக்கு ஒழுகல் என்று பேர் வைத்த புண்ணியவான் யாரென்றும் தெரியாது.

என் வீட்டு ஹால் ஒழுக ஆரம்பித்தது மூன்று வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில். கட்டிலை மேற்கே தள்ளினால் மேற்கே சொட்டும், கிழக்கே தள்ளினால் கிழக்கே. மனைவி போய்ச் சேர்ந்தபின் நான் ஒண்டி ஆள். பக்கெட்டில் விழுகிற சொட்டுதான் பேச்சுத்துணை. கம்பி துருப்பிடித்துக் காங்கிரீட் பெயர ஆரம்பித்ததும் பயம் வந்துவிட்டது. தலையில் விழுந்தாலும், விழுந்துவிட்டது என்று சொல்ல ஆளில்லையே. அடுத்த மழைக்குள் நம்பகமான ஆள் ஒருத்தரைப் பிடித்தாக வேண்டும்.

முதலில் வந்தவர் பைக்கை விட்டே இறங்கவில்லை.

"மொத்தமா உடைச்சிடலாம் சார்."

"மாடி ஏறிப் பாருங்களேன்."

"பாத்தா மட்டும் என்ன சார், உடைக்கத்தானே போறோம்."

இரண்டாமவர் கெமிக்கல் பார்ட்டி. இருபது வருஷம் கேரண்டி என்றார். கம்பெனி போன தீபாவளிக்குத்தான் ஆரம்பித்ததாம்.

மூன்றாவதாக வந்தார் ஒழுகல். மாடி ஏறிப் பார்த்தார். கீழே வந்து மொபெட்டை உதைத்தார். "குந்து சார். ஒரு வூடு காட்றேன்."

கூடுவாஞ்சேரி வரைக்கும் போனோம். கதவைத் திறந்த அக்கா இவரைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள். "வாய்யா, என் வூட்ட கெடுத்தவனே."

"இவரு புது பார்ட்டிக்கா. சொல்லு," என்று ஒழுகல் சுவரோரம் அடக்கமாக நின்றுகொண்டார்.

அக்கா மேலே கை காட்டினாள். ஹாலிலிருந்து அடுப்படி வரைக்கும் சீலிங்கில் இலங்கை மேப் மாதிரி ஒரு கறை. "பைப்பு இந்தாண்ட கீது. இந்த ஆளு சரிவ அந்தாண்ட குடுத்துட்டான். தண்ணி எங்க போவும்? என் கேஸ் அடுப்பு மேல வந்துச்சு. கொழம்புல தண்ணி ஜாஸ்தின்னு என் வூட்டுக்காரர் என்னைத் திட்னாரு."

ஒழுகல் கல்யாண வீட்டில் வாழ்த்துப்பா கேட்கிறவர் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்புறம் என்ன பண்ணார்?" என்றேன்.

"இன்னா பண்ணுவான், மூணு தபா வந்து ஒடைச்சி ஒடைச்சிப் போட்டான். மத்தவன்லாம் வேலை முடிஞ்சா நம்பர மாத்திட்றான். இந்த ஆளு போன் பண்ணா எடுத்துட்றான் சார். மனசாரத் திட்டக்கூட முடியல." சொல்லிவிட்டு இரண்டு பேருக்கும் காபி போடப் போய்விட்டாள்.

எனக்கு ஆசை விடவில்லை. நல்லபடியாகச் செய்த வீடு ஒன்றையும் காட்டச் சொன்னேன். ஒழுகலுக்கு முகம் சுருங்கிவிட்டது. "வேணாம் சார், பேஜாரு," என்றார். வற்புறுத்தியதில் பெருங்களத்தூரில் ஒரு வீட்டு பெல்லை அடித்தார். கிரில்லுக்குப் பின்னாலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"யாருப்பா? வாட்டர் கேனா? நேத்தே போட்டாச்சே."

"சரி சார்," என்று ஒழுகல் திரும்பி நடந்தார். வண்டி எடுக்கும்போது சொன்னார்: "ஏழு மழை ஆச்சு, ஒரு சொட்டு எறங்கல. ஆளே தெர்ல பாத்தியா. நல்லாக்கீற வூட்ல நமக்கு நாற்காலி கெடையாது சார்."

வேலையை அவருக்கே கொடுத்தேன். பழைய தட்டோடுகளைப் பெயர்த்து, சரிவு பார்த்து, புது ஓடு பதித்தார். பிறகு மழைத்தண்ணீர் இறங்கும் குழாயை அடைத்து மாடி முழுக்கத் தண்ணீர் கட்டிவிட்டு, ஹாலில் பாய் விரித்து மல்லாந்து படுத்துவிட்டார். நின்று பார்த்தால் கசிவு தெரியாதாம். "கழுத்து வலிச்சா கண்ணு பொய் சொல்லும் சார்." நானும் பக்கத்தில் படுத்தேன். கூரியர் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண், இரண்டு கிழவர்கள் நெஞ்சில் கை வைத்து அசையாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு ஆம்புலன்சுக்குப் போன் போடப் போய்விட்டாள்.

நாலு நாள் அப்படிக் கிடந்தோம். அவருக்கும் வீட்டில் யாருமில்லை என்பது மூன்றாம் நாள்தான் தெரிந்தது. சீலிங்கைப் பார்த்துக்கொண்டு பேசினால் மனுஷன் எதையும் சொல்லிவிடுகிறான். அந்த வீட்டில் அவ்வளவு பேச்சு நடந்து வருஷக்கணக்காகியிருந்தது. நாலாம் நாளும் சீலிங் காய்ந்தே இருந்தது. அவர் பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஒரு சொட்டு இல்லை. ஒழுகலும் இல்லை. ஒருநாள் புதுப் பார்ட்டி ஒருவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் கூடுவாஞ்சேரிப் பக்கம் போவதைப் பார்த்தேன். என் வீட்டுக்கு எவரையும் கூட்டி வரப்போவதில்லை. அந்த அக்காமேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

போன வாரம் நல்ல மழை. மத்தியானம் அவருக்குப் போன் போட்டேன்.

"ஒழுகுதா சார்?" குரலில் அவ்வளவு உற்சாகம்.

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

"பின்ன இன்னா சார்?"

"சும்மாதான். எப்படி இருக்கீங்கன்னு..."

அந்தப் பக்கம் மொபெட்டை உதைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "பால் கீதா சார்? வர்றப்போ வாங்கினு வரவா?" என்றார்.

ஃப்ரிட்ஜில் இரண்டு பாக்கெட் இருந்தது. இல்லை, வாங்கிக்கொண்டு வாருங்கள் என்றேன்.