மாமனார் துடைத்த பாட்டில்

இந்தக் காலத்தில் எதையும் முதலில் செல்போன்தான் சாப்பிடுகிறது, மிச்சம்தான் மனுஷனுக்கு. மாமனாருக்கு இந்தக் கூத்தே பிடிக்காது. அது தன் அறையிலேயே நடப்பது அறவே பிடிக்கவில்லை.

மாப்பிள்ளை சாராயத்தைப் படம் பிடித்து, ருசி பார்த்து எழுதுகிறவர். சாராயம் என்று சொன்னால் அவர் முகம் சுண்டிவிடும். "கிராஃப்ட் ஸ்பிரிட், மாமா" என்பார். வெளிச்சம் மாமனாரின் ஜன்னலில்தான் நன்றாக விழுகிறது என்று கேமராவும் முக்காலியும் அங்கே குடியேறிவிட்டன. பெரியவர் கூடத்து சோபாவில் முதுகை ஒடித்துக்கொண்டு கிடந்தார். இன்று வந்திருப்பது சாராயம் வடிக்கும் புது வடிசாலை ஒன்றின் பாட்டில். படமும் எழுத்தும் பிடித்தால் நிரந்தர வேலை. கிடைத்ததும் வெளியே இடம் பார்த்துப் போய்விடுவதாக மாப்பிள்ளை வாக்குக் கொடுத்திருந்தார்.

கிடைத்தே தீரவேண்டும் என்று மாமனார் களத்தில் இறங்கினார்.

மாப்பிள்ளை குளிக்கப் போனதும், விரல் ரேகை தெரிகிறதே என்று பாட்டிலை ஈரத்துணியால் துடைத்தார். லேபிள் கையோடு வந்தது. பசை தடவி ஒட்டுவதற்காகப் பாட்டிலை மெத்தைமேல் படுக்க வைத்தார். கார்க் பிடுங்கிக்கொண்டு, பாதியை மெத்தை குடித்தது. குறைக்கு டீத்தண்ணி ஊற்றலாமென்றால் கலங்கித் தொலைக்குமே என்ற பயம். மீதியை வீணாக்குவானேன் என்று தானே குடித்தார். தொண்டை எரிந்தது, காது சூடேறியது. பொல்லாத சரக்குதான். பிறகு பாலில்லாத டீத்தண்ணியை வடிகட்டிக் கழுத்துவரை நிரப்பினார்.

மாப்பிள்ளை வந்தார். வெளிச்சத்தைத் திருப்ப மாமனாரை வெள்ளைப் போர்வை பிடிக்கச் சொல்லி, படமெடுத்து முடித்தார். ஒரு மிடறு வாயில் உருட்டிக் கண்ணை மூடினார்.

"முதல்ல மரவாசம், மாமா. அப்புறம் புகை. அடியில தேன் மாதிரி ஒரு இனிப்பு."

சர்க்கரையே போடாத மாமனார் பலமாகத் தலையாட்டினார். அப்படியே எழுதி அனுப்பியாயிற்று.

சற்று நேரத்தில் வடிசாலைக்கார அம்மாள் போனில் வந்தார். மாப்பிள்ளை ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, அது படத்துக்குன்னு அனுப்பினது. உள்ள வெறும் டீத்தண்ணி. குடிக்கிறது நாளைக்குத்தான் வருது. ஆனா டீத்தண்ணிக்கே இப்படி எழுதுறவரை விடமுடியுமா? வேலை உங்களுக்குத்தான். அந்த ஜன்னலை மட்டும் மாத்திடாதீங்க."

மாமனார் நம்பவில்லை.

"டீத்தண்ணிக்கு இப்படித் தலை சுத்துமா?" என்று முனகியபடி, சுவரைப் பிடித்துக்கொண்டு சோபாவுக்கு நடந்தார்.